வற்றம் பார்த்து வகுப்பு

கடலூர் துறைமுகம் சந்திப்பில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை; அடுத்தது கிள்ளை. அதைத் தாண்டினால் சிதம்பரம். நான் பிறந்து வளர்ந்தது கடலூர் முதுநகர். சிதம்பரத்துக்கு ஆருத்ரா தரிசனத்துக்கும் கல்யாணத்துக்கும் எத்தனையோ முறை போயிருக்கிறேன். கிள்ளையில் ஒரு முறைகூட இறங்கியதில்லை. 2005 ஜனவரியில், சுனாமி அடித்து ஒரு மாதம் ஆகாத நிலையில், முதன்முதலாக அங்கே இறங்கினேன். கையில் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தது, வேலை இல்லை. நிவாரணப் பொருள் கணக்கெழுத ஆள் வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் கூப்பிட்டிருந்தது.

கணக்கெழுதும்போதுதான் அந்தக் குடியிருப்பைப் பற்றித் தெரியவந்தது. பிச்சாவரம் காயலை ஒட்டி, உப்பங்கழியின் கரையில் முப்பது நாற்பது குடிசைகள். எல்லோரும் இருளர். படகு உடைந்தவருக்கு இவ்வளவு, வலை போனவருக்கு இவ்வளவு என்று பட்டியலில் கட்டங்கள் இருந்தன. இவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவி, கையால் இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலைப் பறி ஒன்று. என் பட்டியலில் அந்தப் பறிக்குக் கட்டம் கிடையாது. அன்று அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை, காலடியில் ஒரு குழந்தை.

"என்ன படிக்கிறே?" என்று கேட்டேன்.

"படிச்சேன்" என்றாள்.

பன்னிரண்டு வயதுக்காரி தன் படிப்பை முடிந்துபோன காலத்தில் சொன்னாள். இத்தனை வருடமும் நான் செய்தது அந்த வினைச்சொல்லின் காலத்தை மாற்றும் வேலைதான்.

எடுத்த எடுப்பில் தவறு செய்தேன். என்னோடு பயிற்சி முடித்த தோழி ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள். இருவருமாக 2006 ஜூனில் மாலை வகுப்பு தொடங்கினோம். பை, சிலேட்டு, பென்சில் எல்லாம் கடலூரில் வசூல் செய்து கொண்டுபோய்க் கொடுத்தோம். திறப்பு விழா வைத்தோம். பள்ளியை விட்ட பெண் குழந்தைகளைத் திரும்பச் சேர்ப்பது, போகிறவர்களை நிற்காமல் பார்த்துக்கொள்வது என்று திட்டம். மாலை ஆறு மணிக்கு வகுப்பு. முதல் வாரம் இருபத்துமூன்று பெண்கள் வந்தார்கள். ஆறாவது வாரம் நான்கு பேர். அந்த நான்கு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

சோம்பல், அக்கறையில்லாத பெற்றோர் என்றெல்லாம் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. அப்படிப் பேசியதற்காக இன்றும் வருந்துகிறேன். உண்மைக் காரணத்தை ஓர் ஆயா சொன்னார். "வத்தம் எப்போன்னு பாத்தா வகுப்பு வெக்கிறீங்க? தண்ணி வத்துறப்பதானம்மா எங்களுக்கு வேலை. ஆத்தாக்காரி தண்ணில எறங்கிட்டா கொழந்தைய யாரு வெச்சுக்குவா?"

கையால் பிடிக்கிறவருக்குக் கழியில் தண்ணீர் இறங்க வேண்டும். ஏற்றமும் வற்றமும் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை. நிலாவைப் பார்த்து வருகின்றன. இன்று மாலை ஆறு மணிக்கு வற்றம் என்றால் நாளை ஏறக்குறைய ஆறே முக்காலுக்கு மேல், நாளை மறுநாள் இன்னும் முக்கால் மணி தள்ளி. அம்மாக்கள் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் மூத்த பெண்தான் வீட்டில் தாய். கடலோரத்திலேயே பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். முதுநகரில் என் வீட்டுக்குப் பின்னால் உப்பனாறு ஓடுகிறது. ஆனால் அந்த ஆற்றை நம்பிச் சோறு தின்னும் வீட்டில் நான் வளரவில்லை.

அன்றிலிருந்து வகுப்பறையில் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு நாட்காட்டியை மாட்டினோம். அமாவாசை, பௌர்ணமியிலிருந்து நாள் எண்ணி, எந்தக் கிழமை எந்த நேரம் என்று ஆயாக்கள் சொல்வார்கள், நாங்கள் எழுதி ஒட்டுவோம். சில நாள் பிற்பகல் மூன்று மணிக்கு வகுப்பு, சில நாள் இரவு எட்டு மணிக்கு. அப்படியும் குழந்தைகளை விட்டுவிட்டு வர முடியாதவர்களுக்கு, குழந்தையோடு வாருங்கள் என்றோம். புங்கமரத்துக் கிளையில் பழைய புடவையால் மூன்று தூளி கட்டினோம். ஒரு பெண் எழுதுவாள், இன்னொருத்தி கால் நீட்டித் தூளியை ஆட்டிக்கொண்டே வாய்ப்பாடு சொல்வாள். பயிற்சி நிறுவனத்தில் கற்பித்தல் துணைக்கருவி என்று ஒரு பாடமே நடத்தினார்கள். அதில் தூளி இல்லை. என் அனுபவத்தில் அதைவிடப் பயன்பட்ட கருவி வேறில்லை.

பாடத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்தப் பெண்களுக்கு எழுத்து வரவில்லையே தவிர, அறிவுக்குக் குறைவில்லை. சுரபுன்னை எங்கே நிற்கும், தில்லை எங்கே நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று நான் கற்றுக்கொண்டது ஒன்பது வயதுச் சிறுமியிடம். கோயிலுக்கு எத்தனையோ முறை போன எனக்குத் தில்லை மரம் எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது. 'அ'னாவுக்கு அணில் என்று தொடங்காமல், 'இ'னாவுக்கு இறால், 'ந'னாவுக்கு நண்டு என்று அவர்கள் வாயிலிருந்தே சொற்களை வாங்கி அட்டை எழுதினோம். கணக்குக்கு இறால் எடை. வியாபாரி தராசில் எவ்வளவு தள்ளுகிறார் என்று ஒரு பதினோரு வயதுக்காரி கண்டுபிடித்துத் தன் அம்மாவிடம் சொன்ன நாளிலிருந்து, வகுப்புக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

இந்தக் காலத்தில்தான் பரங்கிப்பேட்டை சேவா மந்திரின் கதை எனக்குத் தெரியவந்தது. அகலப்பாதைப் பணிக்காக ரயிலை நிறுத்திவிட்டார்கள். பஸ் மாறிப் போக வேண்டும். பரங்கிப்பேட்டையில் காத்திருக்கும் நேரம் நிறையக் கிடைத்தது. வெள்ளாறு கடலில் கலக்கும் அந்த ஊரை வெளியில் உள்ளவர்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையத்தால் அறிவார்கள். அங்கே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்தவர் டென்மார்க்கிலிருந்து வந்த ஆன் மேரி பீட்டர்சன். 1878இல் பிறந்தவர், 1909இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். வந்தது மிஷன் வேலைக்கு. 1917இல் அகமதாபாத் போய்க் காந்தியைப் பார்த்தார். இந்த நாட்டுப் பெண்களுக்கான கல்வி இந்த நாட்டின் மொழியிலும் வழக்கத்திலும் வேரோடியிருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அவர் நாட்டிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு: உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில், பரீட்சைப் பயமில்லாமல் கல்வி தர வேண்டும் என்று எழுதிய குருண்ட்விக்கின் வழி. விடுதலைப் போராட்டத்தின் பக்கம் நின்றதால் மிஷனோடு ஒத்துப்போக முடியாமல் விலகி, பரங்கிப்பேட்டையில் தனியாகச் சேவா மந்திர் பள்ளியைத் தொடங்கினார். 1921 செப்டம்பரில் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். அதே பயணத்தில்தான், சில நாட்கள் கழித்து மதுரையில், காந்தி மேலாடையைத் துறந்தார். பீட்டர்சன் 1951இல் இறக்கும்வரை இந்த நாட்டுக்காரியாகவே வாழ்ந்தார்.

காந்தியின் பெயரைவிட என்னைப் பிடித்து நிறுத்தியவை அந்த ஆண்டுகள்தான். 1909இல் வந்தவர் தன் பள்ளிக்கு அடிக்கல் போட்டது 1921இல். இடையில் பன்னிரண்டு வருடம். மொழி கற்றார், பிறர் நடத்திய பள்ளியில் வேலை பார்த்தார், நாட்டைச் சுற்றினார், கேட்டார். நாங்கள் ஜனவரியில் கிள்ளையில் இறங்கி, அடுத்த வருட ஜூனில் ரிப்பன் வெட்டினோம்.

சிதம்பரத்திலும் நாங்கள் கற்றுக்கொள்ள ஒருவரின் கதை இருந்தது. சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கோயில் வாசலில் நந்தனை நிறுத்திய ஊரிலேயே, அவன் பெயரால் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளி. பாடம் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது, தங்க இடமும் வயிற்றுக்குச் சோறும் வேண்டும் என்று அவர் விடுதியும் நடத்தினார். பிள்ளையைப் பள்ளிக்கு வரவிடாமல் செய்வது எது என்று முதலில் பார்த்தவர்கள் இவர்கள் இருவரும். இருவரில் ஒருவர் கடல் தாண்டி வந்தார், ஒருவர் இந்த மண்ணில் இருந்தவர். என்னைப் போல் பக்கத்து ஊரிலிருந்து ரயிலில் வந்தவளும் அந்தக் குடியிருப்புக்கு அயல்நாட்டுக்காரிதான் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது.

சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த குழுக்களில் நல்லவர்கள் பலர் இருந்தார்கள். ஒரு குழு எங்கள் வகுப்புக்குக் கட்டடம் கட்டித் தந்தது. நல்ல மனதோடுதான் தந்தார்கள். குடிசைகளைவிட்டுத் தள்ளி, ரோட்டோரம், இடம் கிடைத்த மேட்டில் கட்டினார்கள். இருட்டிய பிறகு பெண் குழந்தைகள் அங்கே நடந்து போவார்களா என்று அவர்களும் கேட்கவில்லை, போகமாட்டார்கள் என்று நாங்களும் வாய் திறந்து சொல்லவில்லை. வருகிற பணத்தை விடக்கூடாது என்று இருந்துவிட்டோம். கட்டடம் பூட்டிக் கிடந்தது. புங்கமரத்தடியில் வகுப்பு நடந்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை ஏறியபோது எங்கள் புங்கமரமும் சாய்ந்தது. அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தைப் புயலுக்கு ஒதுங்கும் இடமாகப் பயன்படுத்தினோம். அந்த வகையில் அது வீண்போகவில்லை. வகுப்பு ஓர் ஆயாவின் வாசல் பந்தலுக்கு மாறியது.

இனி, பெண் வயசுக்கு வருவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பதிவேடுகளைப் புரட்டினால் ஒரு விஷயம் வருடந்தோறும் திரும்பத் திரும்ப வரும். ஆறாவது, ஏழாவது வரை தொடர்ந்து வந்த பெயர் ஒரு தேதியில் நின்றிருக்கும். அதற்கு இரண்டு வாரம் கழித்து மஞ்சள் நீராட்டு நடந்திருக்கும். பச்சை ஓலைக் குடிசை கட்டி உட்கார வைப்பது, பிறகு சடங்கு, பிறகு வீட்டோடு. பள்ளியில் கழிப்பறையில் தண்ணீர் வராது என்பது ஒரு காரணம். வழியில் கேலி பேசுவார்கள் என்ற பயம் ஒன்று. இவற்றுக்கெல்லாம் மேல், சடங்கு முடிந்த பெண்ணுக்குத் தாய்மாமன் வீட்டில் உரிமை பிறந்துவிடுகிறது.

அரசுத் திட்டமும் இதில் எதிர்பாராத விதத்தில் புகுந்தது. 1989இல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் பெண்ணைப் படிக்க வைக்கத்தான் வந்தது. எட்டாவது வரை படித்திருந்தால் உதவி என்று தொடங்கி, பிறகு பத்தாவது என்று உயர்த்தினார்கள். பழங்குடிப் பெண் என்றால் ஐந்தாவது போதும் என்று தளர்த்தியிருந்தார்கள். தளர்த்தியது கருணையால்தான். ஆனால் "அஞ்சு முடிச்சாச்சு டீச்சர், கவர்மெண்டே போதும்னு சொல்லிருச்சு" என்று ஒரு தகப்பனார் என்னிடம் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

பலமுறை தோற்ற பிறகு நாங்கள் கண்டுபிடித்தது இதுதான். சடங்குக்குப் போனோம். குறை சொல்லப் போகவில்லை, சீர் கொண்டுபோனோம். தட்டில் பூ, பழம், வெற்றிலை, மஞ்சள், புதுச்சட்டையோடு அடுத்த வகுப்புக்கான நோட்டுகள், ஒரு ஜாமெட்ரி பாக்ஸ், மாதத்துக்கான துணி. அத்தை முறை வைத்து என்னைச் சபையில் உட்கார வைத்தார்கள். முதல் தடவை என்னைத் தூங்கவிடாமல் செய்த கவலை, தாய்மாமன் கோபப்படுவாரோ என்பது. அவரிடம் முதல்நாளே போய்ப் பேசியிருந்தேன். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் இருபத்திரண்டு வயதுப் பையன். சபையில் அவன் எழுந்து நின்று, "மாமன் நான் சொல்றேன், பத்தாவது முடியிறவரைக்கும் யாரும் பொண்ணு கேட்டு வரப்படாது. நானும் கேக்கமாட்டேன்" என்றான். அந்தச் சொல்லுக்கு நாங்கள் ஒரு வருடம் வீடுவீடாகப் பேசியதைவிட எடை இருந்தது. மாலை மாற்றும் உரிமை உள்ளவன் வாயால் வந்த சொல் அது. அந்தப் பெண் பத்தாவது முடித்தாள். பன்னிரண்டும் முடித்தாள். எல்லாச் சடங்கிலும் எல்லா மாமனும் அப்படிச் சொல்லிவிடவில்லை. மூன்றில் ஒருவர் சொல்லியிருப்பார். மற்றப் பெண்களில் பலரை, எங்கள் தூளியில் போடத் தங்கள் கைக்குழந்தையைக் கொண்டுவந்தபோதுதான் நான் மறுபடி பார்த்தேன்.

பத்தாவது தாண்டினாலும் ஒரு கதவு மூடியிருந்தது: சாதிச் சான்றிதழ். இருளர் பட்டியல் பழங்குடியினர். அந்தச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. 1989 நவம்பரிலிருந்து கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அப்பனுக்கு இல்லாத சான்றிதழ், பாட்டனுக்கு இல்லாத பத்திரம், சொந்த மனை இல்லாத குடிசை. எதைக் காட்டி நிரூபிப்பது? ஒருமுறை விசாரணைக்கு வந்த ஒருவர், பதினைந்து வயதுப் பெண்ணிடம், "பாம்பு பிடிப்பியா? எலி பிடிப்பியா?" என்று கேட்டார். அவள் அழாமல், "அல்ஜீப்ரா போடுவேன் சார்" என்றாள். நான்தான் அழுதேன். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாக இந்தச் சான்றிதழுக்காகப் பல வருடம் போராடியது எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. மனு எப்படி எழுதுவது, உறவுமுறைப் பட்டியல் எப்படிப் போடுவது, முன்பே சான்றிதழ் வாங்கிய உறவினர் ஒருவரை எப்படித் தேடிப் பிடிப்பது என்றெல்லாம் கற்றுக்கொண்டோம். இப்போது எங்கள் பெண்கள் ஆறாவது சேரும்போதே மனுவைப் போட்டுவிடுகிறோம். பத்தாவதில் போட்டால் பதினொன்றில் சேர்க்கைக்கு வராது.

2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. பழைய திருமண உதவித் திட்டமே உயர்கல்விக்காக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் கணக்கில் மாதம் 1000 ரூபாய். நான் இந்தத் திட்டத்தை மனதார வரவேற்கிறேன். கல்யாணத்துக்கு வந்த பணம் கல்லூரிக்கு வந்திருக்கிறது. எங்கள் குடியிருப்பிலிருந்து சி.முட்லூர் அரசு கலைக் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் முதல் மாதப் பணத்தில் தன் ஆயாவுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கினாள். வற்றம் பார்த்தா வகுப்பு வைக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்ட அதே ஆயா.

ஆனாலும் தை பிறந்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். பொங்கல் கழிந்து செங்கல் சூளைக்கு ஆள் ஏற்ற லாரி வரும். முன்பணம் வாங்கிய குடும்பம் சட்டி பானையோடு ஏறும். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. லாரி இன்னும் வருகிறது. ஐந்தாறு மாதம் கழித்து மழைக்கு முன்னால் திரும்பி வரும்போது பிள்ளைகள் பரீட்சை எழுதாமல் ஒரு வருடத்தை இழந்திருப்பார்கள். பையனை உறவில் யாராவது வைத்துக்கொள்வார்கள். பெண்ணைத் தனியே விட்டுப் போகப் பயந்து கூட்டிப்போவார்கள், அங்கே சமைக்கவும் குழந்தை பார்க்கவும் ஆள் வேண்டுமே. இதற்கு நாங்கள் செய்வது, ஊரில் தங்கும் ஆயாக்களின் வீட்டில் மூன்று நான்கு பெண்களாகத் தங்க வைத்து, அரிசியும் மளிகையும் பொறுப்பேற்பது. ஓர் ஆயாவை நம்பி ஒரு தாய் தன் பெண்ணை விட்டுப் போவாள். எங்களை நம்பி விடமாட்டாள், அது சரிதான். சென்ற வருடம் பதினொரு பெண்கள் இப்படித் தங்கிப் பரீட்சை எழுதினார்கள். ஆறு பேர் லாரியில் போனார்கள்.

பெண் குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கடலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வெளிநாட்டுத் தமிழர்களிடமிருந்தும் ஒவ்வொரு ஜூனிலும் எனக்கு அழைப்பு வரும். பை தருகிறோம், நோட்டு தருகிறோம் என்பார்கள். அன்போடு கேட்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜூனில் வராதீர்கள், மார்கழியில் வாருங்கள். லாரி வருவதற்கு முன்னால் வாருங்கள். ஓர் ஆயா வீட்டுக்கு ஐந்து மாத அரிசி என்று கணக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள். வந்தால் அன்றே திரும்பாமல் ஒரு வற்றம், ஓர் ஏற்றம் பார்க்கும்வரை அங்கே இருங்கள்.